சாளுக்கியன் பெட்டியில் ஒரு வாரம்

கொளத்தூர், சென்னை
தை 14

அன்புள்ள வேதாசலத்துக்கு,

நலம். நீ கைத்தடி இல்லாமல் தெற்கு வீதி வரை நடந்து திரும்புவதாக எழுதியிருந்ததைப் படித்ததும், உன் தங்கை மரகதம் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டாள். மூட்டு மாற்றிய மருத்துவருக்குச் சேர வேண்டிய பெருமையில் பாதியை அவள் எப்போதும் இப்படித்தான் பிள்ளையார் கணக்கில் எழுதிவிடுவாள். பேரன் ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவைத் தானே கேட்டு வாங்கிச் சேர்ந்தான் என்பது அதைவிடவும் எனக்கு இனித்த செய்தி. கண்ணாடி போடாமல் தீப்பொறியைப் பார்க்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவை. நாம் பட்டதை அவன் பட வேண்டாம்.

கடிதத்தின் கடைசி வரியில், மகாராஜா ரயிலில் வெல்டருக்கு என்ன வேலை என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்வி மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டதால், பயணம் முழுவதும் அதற்கு விடை தேடிக்கொண்டே போனேன் என்றுதான் சொல்ல வேண்டும். இது என் விருப்பத்தில் நடந்த பயணமன்று. எங்கள் நாற்பதாவது திருமண நாளுக்கு மகள் எடுத்துக் கொடுத்த சீட்டு. எவ்வளவு என்று அவள் கடைசிவரை சொல்லவில்லை; நானாக விசாரித்துத் தெரிந்துகொண்டபோது, எங்கள் இருவருக்குமான தொகை என் ஓராண்டு ஓய்வூதியத்தைத் தாண்டியிருந்தது. அந்தப் பணத்தில் என்னவெல்லாம் செய்திருக்கலாம் என்று நான் தொடங்கியதும், நாற்பது ஆண்டுகளாக நீங்கள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள் என்று மரகதம் பெட்டியைக் கட்ட உட்கார்ந்துவிட்டாள்.

ரயில் வேறொன்றுமில்லை, கர்நாடகத்தின் தங்கத் தேர்தான். கோல்டன் சாரியட் என்றால் உனக்குச் சட்டென்று விளங்கும். 2008-இல் ஓடத் தொடங்கியபோது, பெரம்பூரில் பிறந்த பிள்ளை பெரிய இடத்தில் வாழ்க்கைப்பட்டுப் போகிறது என்று நம் ரயில் பெட்டித் தொழிற்சாலைக் கேன்டீனில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. ஊதாவும் பொன்னிறமும் பூசிய பதினெட்டுப் பெட்டிகள். தங்கும் பெட்டிகள் பதினொன்றுக்கும் கன்னட நாட்டை ஆண்ட அரச மரபுகளின் பெயர்கள்: கதம்பர், கங்கர், இராஷ்டிரகூடர், ஹொய்சளர், சங்கமர், பாமினி, அடில் ஷாஹி என்று வரிசையாக நிற்கின்றன. எங்களுக்கு வாய்த்தது சாளுக்கியர் பெட்டி. உன் ஊர்க்காரர் ஒருவர் ஒரு காலத்தில் படையோடு போய்த் தகர்த்த வீட்டில், நான் சட்டையை மாட்டிவிட்டு வசதியாகப் படுத்துக்கொண்டேன்.

மாலையும் வரவேற்பும் முடிந்து அறைக்குள் போனதும் நான் செய்த முதல் காரியம் உன்னைத் தவிர யாருக்கும் புரியாது. சன்னலுக்குக் கீழே, மெருகேற்றிய மரப்பலகையின் மேல் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். பலகைக்குப் பின்னே அடைப்பு, அதற்குப் பின்னே தகடு. ஓசை நாம் அறிந்த ஓசைதான். வெளியே எத்தனை மன்னர் பெயரை எழுதினாலும், உள்ளே நிற்பது நாம் பெரம்பூரில் பற்றவைத்த ஷெல்தான், பெட்டியின் இரும்புக்கூடு. நம் கையில் எழுபத்திரண்டு பேர் படுக்கும் ஸ்லீப்பராகப் போயிருக்க வேண்டிய அதே நீளத்தை, இங்கே நான்கு அறைகளாக வகுத்து எட்டுப் பேருக்குக் கொடுத்திருக்கிறார்கள். குளியலறையில் வெந்நீர் கொட்டுகிறது. மெத்தையில் கை வைத்தால் மணிக்கட்டு வரை புதைகிறது. இரவு பதினொரு மணிக்கு வண்டி வேகம் பிடித்தபோது மட்டும், மெத்தைக்கு அடியிலிருந்து, சக்கரங்களைத் தாங்கும் போகியின் பழைய ஆட்டம் மெல்ல ஏறி வந்தது. மரகதம் தூக்கம் வரவில்லை என்றாள். எனக்கோ தாலாட்டுப் போல இருந்தது. தாம்பரம் ஷட்டிலில் நின்றுகொண்டே தூங்கியவனல்லவா.

பந்திப்பூரைப் பற்றி எழுத அதிகமில்லை. மான்களின் முதுகுகளைப் பார்த்தோம், புலி எங்களைப் பார்த்திருக்கலாம். மைசூர் அரண்மனையைப் பற்றி நீ அறியாத ஒன்றைச் சொல்கிறேன். பழைய மர அரண்மனை 1897-இல் ஒரு திருமண விழாவின்போது தீயில் அழிந்த பிறகு, இப்போது நாம் பார்க்கும் கட்டடத்தை வரைந்தவர் ஹென்றி இர்வின். நாம் மழைக்கு ஒதுங்கி நின்ற எழும்பூர் ரயில் நிலையத்தை வடிவமைத்த அதே மனிதர்தான். 1912-இல் அரண்மனை முடிந்தது. கல்யாண மண்டபத்தில் மயில் வண்ணக் கண்ணாடிக் கூரையைத் தாங்கும் தூண்கள் கல்லும் அல்ல, மரமும் அல்ல. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வார்த்துக் கப்பலில் கொண்டுவந்த வார்ப்பிரும்பு. எல்லோரும் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, நான் தூணின் அடியில் குனிந்து போல்ட்டைத் தேடினேன். காவலர் ஒருவர் என்னை இரண்டு முறை உற்றுப் பார்த்தார்.

பிற்பகலில் மற்றவர்கள் பட்டுப் புடவைக் கடைக்குப் போனார்கள், மரகதமும் போனாள். நான் ஆட்டோ பிடித்து ரயில் அருங்காட்சியகத்துக்குப் போனேன். 1979-இல் திறந்தது, அங்கே 1899-ஆம் ஆண்டின் மகாராணி சலூன் நிற்கிறது. உட்காரவும் படுக்கவும் இடம், தனிச் சமையலறை, தனிக் குளியலறை. அதன் முன் நின்றபோதுதான், நான் வந்த ரயில் செய்வது புதிய காரியமே அல்ல என்பது உறைத்தது. அன்று ஒரு மகாராணிக்குச் செய்ததை இன்று பணம் கட்டிய எவருக்கும் செய்கிறார்கள். இழைத்த மரமும் பித்தளைக் கைப்பிடியும் அப்படியே இருக்கின்றன. அந்தச் சலூனை இழைத்த தச்சன் யார் என்று பலகையில் தேடினேன். இல்லை.

இந்த எண்ணத்தோடுதான் மறுநாள் ஹளேபீடு போய்ச் சேர்ந்தேன். அதனால்தானோ என்னவோ, அந்த இடம் என்னை அடித்துப்போட்டுவிட்டது. ஹொய்சளரின் தலைநகரான துவாரசமுத்திரம் அது. 1311-இல் மாலிக் கபூரின் படை புகுந்த ஊர். ஹொய்சளேசுவரர் கோயில் விஷ்ணுவர்த்தனன் காலத்தில், 1121-ஐ ஒட்டித் தொடங்கியது. இன்றும் விமானம் இல்லாமல் மொட்டையாகவே நிற்கிறது. கல்லோ மாக்கல், வெட்டி எடுக்கும்போது மென்மையாக இருந்து காற்றுப்பட்டு இறுகும் இனம். உள்ளே தூண்களைப் பார்த்தபோது என் கால் நகரவில்லை, வேதாசலம். வளையம் வளையமாக, விளிம்பு மழுங்காமல், ஒரே மையத்தில் சுற்றியெடுத்த வரிகள். கடைசல் பிடித்த தூண்கள்! அத்தனை எடையுள்ள கல்லைச் சுழல விட்டு, உளியை அசையாமல் பிடித்திருக்கிறார்கள். நம் லேத் பிரிவின் தலைமைத் தொழிலாளி அதைப் பார்த்திருந்தால், வாயில் போட்ட வெற்றிலையை மெல்ல மறந்திருப்பார்.

அதைவிடப் பெரிய வியப்பு, ஹொய்சளச் சிற்பிகள் தங்கள் வேலைக்குக் கீழே பெயரைச் செதுக்கி வைத்திருப்பது. பேலூரில் பள்ளிகாவியைச் சேர்ந்த தாசோஜனும் அவன் மகன் சாவணனும், சோமநாதபுரத்தில் மல்லிதம்மன் என்று, யார் எதைச் செய்தார்கள் என்பது கல்லிலேயே இருக்கிறது. வழிகாட்டி இதைச் சொன்னபோது எனக்கு உன் சாக்கட்டி நினைவுக்கு வந்தது. பக்கச்சுவரை, பற்றவைக்கும்போது அதைப் பிடித்து நிறுத்தும் ஜிக்கிலிருந்து இறக்கியதும், பெயிண்ட் அடிக்கும் ஆள் வருவதற்குள், உள்பக்கத் தகட்டின் மூலையில் "உத்திராபதி துணை, வே." என்று ஒவ்வொரு முறையும் எழுதுவாயே. மேற்பார்வையாளர் திட்டியபோது, வெளியே தெரியாத இடத்தில் எழுதினால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்டாய். அன்று நான் சிரித்தேன். ஹளேபீட்டில் நின்றபோது சிரிக்கத் தோன்றவில்லை.

ஹம்பியில் வெயில் கொளுத்தியது. விட்டலர் கோயில் முற்றத்துக் கல்தேரை ஐம்பது ரூபாய் நோட்டில் பார்த்திருப்பாய். எங்கள் ரயிலின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். ஒரே கல்லில் குடைந்தது என்று நம்மூரில் பலர் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் கற்களை அடுக்கிக் கட்டியது. ஆனால் இணைப்புகளை எல்லாம் செதுக்கு வேலையின் மடிப்புகளில் ஒளித்திருக்கிறார்கள். வெல்டைத் தேய்த்து மறைப்பதுபோல. முன்னால் நிற்கும் யானைகள் பின்னாளில் கொண்டுவந்து வைத்தவை. ஆதியில் இருந்த குதிரைகளின் பின்னங்கால்களும் வாலும் அவற்றுக்குப் பின்னே இன்னும் தெரிகின்றன. சக்கரங்கள் அச்சில் சுழலும்படி இருந்தனவாம். ஆட்கள் சுற்றிச் சுற்றித் தேய்த்ததால் இப்போது அசையாமல் பூசி வைத்திருக்கிறார்கள். 1336-இல் எழுந்து, 1565-இல் தலைக்கோட்டைப் போருக்குப் பின் சிதைந்த அந்தப் பெருநகரத்தில், நான் அதிக நேரம் நின்றது அந்த ஓடாத தேரின் அச்சருகேதான். அங்கே ஒரு படியில் கால் பிசகி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன். குற்றம் படியுடையதன்று, புதுச் செருப்பை மகள் வாங்கிக் கொடுத்தாள் என்று பிடிவாதமாக மாட்டிக்கொண்டு போனது நான்தான்.

இனி உன் ஊர்ச் சங்கதி. பழைய வாதாபியான, சாளுக்கியரின் தலைநகர் பாதாமியில் இறங்கியதும், சிவந்த பாறைகளுக்கு நடுவே பச்சைத் தண்ணீரோடு அகத்தியர் ஏரி. பாறையைக் குடைந்த கோயில்களில் முதலாவதில் பதினெட்டுக் கைகளோடு ஆடும் சிவன். மூன்றாவது திருமாலுக்கு உரியது, கி.பி. 578-ஆம் ஆண்டுக் கல்வெட்டோடு இருக்கிறது. கி.பி. 642-இல் நரசிம்மவர்மப் பல்லவனின் படை இந்த ஊரைப் பிடித்தது. அவன் கல்வெட்டு ஒன்று, சிதைந்த நிலையில், இங்கே பாறையில் இருக்கிறது. அந்தப் படையை நடத்தியவர் உன் திருச்செங்காட்டங்குடிச் சிறுத்தொண்டர் என்பதும், உங்கள் கோயில் வாதாபி கணபதி அங்கிருந்து வந்தவர் என்பதும் நீ எனக்கு ஆயிரம் முறை சொன்னவை. பெரியபுராணத்தை வந்தபின் எடுத்துப் பார்த்தேன். வாதாவித் தொன்னகரைத் துகளாக்கி அவர் அரசன்முன் கொண்டுவந்தவை மணிகள், நிதிக்குவை, யானைகள், குதிரைகள் என்று சேக்கிழார் அடுக்குகிறார். பிள்ளையார் அந்தப் பட்டியலில் இல்லை. கோபித்துக்கொள்ளாதே. தீட்சிதர் கீர்த்தனையை நான் குறை சொல்லவில்லை, பட்டியலைத்தான் சொல்கிறேன்.

ஏறத்தாழ நூறாண்டு கழித்துச் சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் நுழைந்தான். கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைப் பார்த்துவிட்டு, அதை எடுக்காமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்ததாகக் கன்னடக் கல்வெட்டு ஒன்று அங்கேயே இருக்கிறது. அந்த வெற்றியின் நினைவாக அவன் அரசி லோகமகாதேவி பட்டடக்கல்லில் எழுப்பிய விருபாட்சர் கோயிலின் முன் நின்று பார், காஞ்சியில் நிற்பது போலவே இருக்கும். விமானத்தின் அடுக்கு அப்படியே நம் பக்கத்து வார்ப்பு. அதைக் கட்டிய குண்டன் என்ற தலைமைச் சிற்பியின் பெயரும் பட்டங்களும் கல்வெட்டில் இருக்கின்றன. அரசர்கள் ஊரை இடித்துக்கொண்டார்கள். சிற்பிகள் அந்தச் சாக்கில் ஒருவர் வேலையை மற்றவர் பார்த்துக்கொண்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஸ்விட்சர்லாந்துக்காரர்களின் வரைபடத்தை விரித்துவைத்து நம் மூத்தவர்கள் 1955-இல் முதல் பெட்டியைக் கட்டிய கதை உனக்குத் தெரியாததா என்ன.

கோவாவை மரகதம் தனிக் கடிதமாக எழுதுவாள். அவள் அங்கே கடலில் இறங்கினாள், நான் கரையில் செருப்பைக் காத்தேன். சாப்பாட்டைப் பற்றிக் கேட்பாய். இரண்டு உணவுப் பெட்டிகள், நளன் என்றும் ருசி என்றும். எல்லாம் நன்றாகவே இருந்தன. ஆனாலும் நான்காம் நாள் எனக்கு மிளகு ரசத்தைத் தவிர வேறெதன் மேலும் நாட்டமில்லை. பரிமாறிய பையனிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அடுத்த வேளை ஒரு வெள்ளிக் கிண்ணத்தில், மேலே ஒரு கொத்தமல்லி இலை மிதக்க, வந்துவிட்டது.

பெங்களூரில் இறங்கிய காலையில் எல்லோரும் மாலை மரியாதையோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் நடைமேடையின் கோடிக்குப் போய், பெட்டியின் முனைச் சுவரில் கட்டிய ஆலையின் அடையாளத்தைத் தேடினேன். நான் என்ன தேடுகிறேன் என்று கேட்ட ரயில்வே ஊழியரிடம், இந்தச் சுவரின் உள்ளே என் நண்பன் பெயர் இருக்கிறது என்று சொன்னேன். அவர் நான் விளையாடுகிறேன் என்று எண்ணிச் சிரித்தார். பிறகு பெரம்பூர் என்றதும் கைகொடுத்தார். அவருடைய மாமனாரும் ஃபர்னிஷிங் பிரிவில் இருந்தவராம்.

அந்த முனைச் சுவரின் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். ஓரத்தில் தெரியும் விரல் உன் தங்கையுடையது. சித்திரைப் பரணிக்கு உங்கள் ஊர் அமுது படையலுக்கு இருவரும் வருகிறோம். இரண்டாம் வகுப்பில்தான், சீட்டு நானே எடுத்துவிட்டேன்.

என்றும் அன்புடன்,
தணிகாசலம்