யோங்கிண்ட் விட்டுவைத்த வெள்ளை

அன்புள்ள தம்பிக்கு,

நீ வாங்கிய அச்சுப் பிரதியைப் பார்த்தேன்; ஓவியர் யோங்கிண்ட் கால்வாய், படகு, காற்றாலை என்று வரைந்த அந்த நீர்வண்ணப் படம். "பாதித் தாள் வெறுமனே கிடக்கே, முடிக்காம விட்டுட்டாரா?" என்று கேட்டிருந்தாய். அந்த வெறும் தாள்தான்டா தண்ணீர்.

யோஹான் பார்ட்டோல்ட் யோங்கிண்ட் 1819இல் நெதர்லாந்தில் பிறந்தவர். 1846இல் பாரிஸ் போனார். அங்கே வாய்த்த குரு இசபே, கடலும் கப்பலும் வரைகிறவர். சிஷ்யரும் பிரான்சின் நார்மண்டித் துறைமுகங்களையே சுற்றி வந்தார். கால்வாய்க்கு வந்தபோதும் கை கடல்காரனின் கைதான்: கரையை ஒரு கீற்றாக ஒடுக்கிவிட்டு, மிச்ச இடத்தை வானத்துக்குக் கொடுத்துவிடுகிறார்.

படகைக் கிட்டே வைத்துப் பார். கிறுக்கல் மாதிரிக் கறுப்புக் கோடு, மேலே ஒரு பழுப்புத் தீற்றல், கீழே நிழலுக்கு இரண்டு இழுப்பு. சுற்றி மினுங்குவது தாளின் வெள்ளை. நீர்வண்ணத்தில் எங்கே தொடக்கூடாது என்பதைத் தூரிகையை நனைக்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். நான் எத்தனை தாளைச் சேறாக்கினேன் என்று உனக்குத் தெரியாததா!

அப்புறம் அந்தக் காற்றாலை. மாவு அரைக்க என்று நினைத்திருப்பாய். நெதர்லாந்துப் பக்கத்து ஆலைகளில் பல தண்ணீர் இறைக்க வைத்தவை. கரை கட்டி மீட்ட, கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கும் போல்டர் நிலத்தில் ஊறும் நீரை இறைத்து, மேலே ஓடும் கால்வாயில் விடும். அதனால் பல இடங்களில் வயல் பள்ளத்தில், கால்வாய் மேட்டில். மாடு மேய்க்கிறவன் அண்ணாந்துதான் படகைப் பார்க்க வேண்டும். புல்லுக்கு மேலே பாய் மட்டும் நகர்ந்து போகும்.

யோங்கிண்டின் வாழ்க்கை அவ்வளவு தெளிவாக ஓடவில்லை. குடி, கடன். 1855இல் ஹாலந்துக்கே திரும்பிவிட்டார். 1860இல் நண்பர்கள் ஓவியங்களை ஏலம் விட்டுப் பணம் திரட்டி மறுபடி பாரிஸுக்கு அழைத்துக்கொண்டார்கள். நல்லவேளை. 1862இல் நார்மண்டியில் அவரைச் சந்தித்த இளைஞர் மோனே, பின்னாளில் பெரும்புகழ் பெற்ற பிரெஞ்சு ஓவியர், தன் கண் பழகியது இவரால்தான் என்று பிற்பாடு சொன்னார்.

இத்தனைக்கும் நீர்வண்ணங்கள் அவருக்குக் குறிப்பேடு மாதிரி. வெளியில் உட்கார்ந்து வரைவார். அதைப் பார்த்து அறைக்குள் எண்ணெய் வண்ணத்தில் பெரிய படம் செய்வார். இன்று எனக்கு அந்தக் குறிப்புகள்தான் பெரிய படங்களைவிடப் பிடிக்கிறது.

சரி, ஃப்ரேம் கடையில் கொடுக்கும்போது ஒன்று சொல்லிவிடு. கீழ் ஓரத்தில் ஊர்ப்பெயரும் தேதியும் அவர் கையாலேயே எழுதியிருக்கிறது. மவுண்ட் அட்டை வைத்து மறைத்துவிடப் போகிறார்கள்.

அன்புடன்,
அண்ணன்