மச்சை இடிக்க வேண்டாம்

அன்புள்ள கயல்,

மேஸ்திரி எழுதிக் கொடுத்த எஸ்டிமேட்டைப் படித்தேன். நீ புதுச்சேரியில் வாங்கியிருக்கும் பழைய வீட்டின் மச்சை, அதாவது மேல்தளத்தை, இடித்துவிட்டு கான்கிரீட் போடலாம் என்கிறார். சம்மதிக்காதே.

1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைத் தரைமட்டமாக்கினார்கள். 1765-க்குப் பிறகு பழைய வீதிகளின் மேலேயே ஊர் மறுபடி எழுந்தது. தமிழர் பகுதியில் தமிழ், பிரெஞ்சு இரண்டு கை வேலையும் கலந்த வீடுகள் அதற்குப் பிறகு பெருகின. வீதியோரத் தாழ்வாரம், திண்ணை, முற்றம் எல்லாம் நம் வழக்கம். மாடியில் வளைவு ஜன்னலும் சுதை வேலையும் பிரெஞ்சுக்காரர் பாணி. பிரெஞ்சுக்காரர் காலத்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையில்கூட கீழே மரத்தூண், மேலே கட்டுத்தூண்தான்.

உன் வீட்டின் மச்சு மெட்ராஸ் டெரஸ் என்ற பழைய முறையில் கட்டியது. சுமார் ஒன்றரை அடிக்கு ஒரு தேக்குக் கட்டை. அதன்மேல் ஒரு அங்குல கனமுள்ள சின்னச் செங்கல்லைக் குத்துவாக்கில், மூலையிலிருந்து சாய்கோணத்தில், சுண்ணாம்புக் கலவையால் ஒட்டிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு கல்லும் முந்தைய கல்லைப் பிடித்துக்கொள்வதால் கீழே தாங்கும் சென்டரிங் பலகையே கிடையாது! அதன்மேல் மூன்று நான்கு அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். கடுக்காய், வெல்லத் தண்ணீர் தெளித்து, தட்டும் கட்டை எகிறும்வரை நாள்கணக்கில் தட்டுவார்கள். கடைசியில் தட்டோடு, அதாவது தட்டையான ஓடு, பதிப்பார்கள்.

இது ஒழுகுவது பெரும்பாலும் தட்டோட்டு இணைப்பு விட்டுப்போவதாலும், மழைக்குழாய் அடைப்பதாலும், மச்சில் முளைக்கும் அரசங்கன்றாலும்தான். கன்றை மேலே வெட்டினால் இன்னும் வீம்பாகத் துளிர்க்கும். பூச்சைத் திறந்து வேரோடு எடுக்க வேண்டும். மேலே சிமெண்ட் பூசினால் பாரமும் கூடும், சீக்கிரம் விரிசலும் விடும். அதில் இறங்கிய ஈரம் திரும்ப வெளியேற வழியில்லை. அது போய்ச் சேருமிடம் சுவருக்குள் பதிந்த கட்டை முனை.

ஆகவே முதலில் முனைகளைப் பார். சுத்தியால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். சத்தம் மந்தமாக இருந்தால் ஸ்க்ரூடிரைவரால் குத்து. சிரமமில்லாமல் இறங்கினால் அது உளுத்தது. முழுக் கட்டையையும் மாற்ற வேண்டாம். கீழே முட்டுக் கொடுத்து, உளுத்ததை அறுத்து, நன்றாகக் காய்ந்த தேக்குத் துண்டு சேர்த்து, இருபுறமும் இரும்புப் பட்டை வைத்து போல்ட் போடலாம். சுவருக்குள் முனையைச் சுற்றி விரலளவு இடைவெளி விடச் சொல். கலவையால் அடைத்தால் காற்றில்லாமல் மறுபடி உளுக்கும்.

கீழ்ச்சுவரில் இடுப்புயரத்துக்கு உப்புப் பூத்திருக்கிறதே, அங்கே முன்பு பூசிய சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு ஒரு கோடை முழுக்கக் காயவிடு. பிறகு ஒன்றுக்கு மூன்று மணல் கலந்த சுண்ணாம்புப் பூச்சு. சுண்ணாம்பு குறைந்தது இரண்டு வாரமாவது தண்ணீரில் ஊறியிருக்க வேண்டும். நீறாத கட்டி கிடந்தால் பூசிய பிறகு பொரிந்து தெறிக்கும். மேலே வெள்ளையடிப்பு மட்டும், எமல்ஷன் வேண்டாம். பூச்சு வெயிலில் சட்டென்று உலராதபடி ஈரச்சாக்கு தொங்கவிடு.

மச்சு, மழைக்குழாய், பிறகு சுவர், கடைசியில்தான் தரை. இந்த வரிசையை மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. கட்டை முனைகளைப் போட்டோ எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா