ஐந்தாண்டுக்குப் பிறகு போன் விசாரிப்பு போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

வேலூர் சி.எம்.சி.யில் ஹீமோஃபிலியா 'ஏ' (ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோய்) நோயாளிகள் ஐவருக்கு அளிக்கப்பட்ட மரபணு சிகிச்சை பற்றிய கட்டுரை, ரத்தக்கசிவு நின்றது என்பதோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகான கண்காணிப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நோயாளியின் ரத்த மூலச்செல்களை எடுத்து, லென்டிவைரஸ் (எச்.ஐ.வி. இனத்தைச் சேர்ந்த, நோய் தராதபடி மாற்றிய வைரஸ்) வழியாக எட்டாம் காரணி என்ற, ரத்தம் உறையத் தேவையான புரதத்துக்கான மரபணுவை ஏற்றித் திரும்பச் செலுத்துகிறார்கள். இந்த வைரஸ் செல்லின் டி.என்.ஏ.விலேயே ஒட்டிக்கொள்ளும். எந்த இடத்தில் ஒட்டும் என்பது நம் கையில் இல்லை. புற்றுநோயைத் தூண்டும் மரபணுவுக்குப் பக்கத்தில் ஒட்டினால், அந்த ஒரு செல்லின் வழிவந்தவையே எலும்பு மஜ்ஜையை நிறைத்துவிடக்கூடும். அதனால்தான் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., 2020 வழிகாட்டுதலில் 15 ஆண்டு கண்காணிப்பு கேட்கிறது. முதல் 5 ஆண்டு நேரடிப் பரிசோதனை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெக்டர் (மரபணுவைச் சுமந்து செல்லும் மாற்றிய வைரஸ்) எத்தனை செல்களில் இருக்கிறது என்ற கணக்கு. 1 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் ஒட்டிய இடங்களின் ஆய்வு. மீதி 10 ஆண்டுக்கு வெக்டர் கணக்கு வருடம் ஒருமுறை, அதுவும் வெக்டர் தென்படும்வரைதான்; உடல்நிலையை வருடம் ஒருமுறை போனில் விசாரித்தாலே போதுமாம்.

இதைத்தான் ஏற்க முடியவில்லை. அட்ரினோலியூகோடிஸ்ட்ரோஃபி என்ற மூளை நோய்க்கு 'ஸ்கைசோனா' என்ற லென்டிவைரஸ் மரபணு சிகிச்சை பெற்ற 67 சிறுவர்களில் 7 பேருக்கு ரத்தப் புற்றுநோய் வந்ததாக 2024 அக்டோபரில் ஆய்வு வெளியானது. ஒருவருக்கு 14-ஆம் மாதமே வந்தது. இன்னொருவருக்கு 92-ஆம் மாதம், அதாவது ஏழரை ஆண்டுக்கும் மேல் கழித்து. (வேலூர் வெக்டரின் புரமோட்டர், அதாவது மரபணுவை இயக்கும் டி.என்.ஏ. பகுதி, வேறு; இந்த விகிதத்தை அங்கே பொருத்திப் பயப்பட வேண்டாம்.)

ரத்தப் புற்றுநோயின் முன்னறிகுறியாக இருக்கக்கூடிய தட்டணுக் குறைவு போனில் தெரியாது. உள்ளூர் லேப் ரிப்போர்ட்டிலும் தெரியாமல் போகலாம்: 2.8 லட்சம், அடுத்த முறை 2.1, அதற்கடுத்து 1.6 என்று இறங்கினாலும், 1.5 லட்சத்துக்கு மேல் இருப்பதால் ஒவ்வொன்றிலும் 'நார்மல்' என்றே அச்சாகும். பழைய எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்குத்தான் சரிவு பிடிபடும். ஆகவே 15 ஆண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழு ரத்த எண்ணிக்கையும் ஸ்மியரும் (ரத்தத்துளியை நுண்ணோக்கியில் பார்ப்பது) பார்க்க வேண்டும். சொந்த ஊரிலேயே எடுக்கலாம், செலவும் குறைவு. ரிப்போர்ட் மட்டும் தவறாமல் சிகிச்சை மையத்துக்குப் போக வேண்டும்.

நோயாளியின் பர்ஸில் ஓர் அட்டையும் அவசியம். லென்டிவைரஸ் சிகிச்சை பெற்றவருக்கு பி.சி.ஆர். முறையில் (மரபணுத் துண்டைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) எச்.ஐ.வி. பார்த்தால், தொற்று இல்லாமலே 'பாசிட்டிவ்' வரக்கூடும். அட்டையில் அதை எழுதிவைத்தால் ஒரு குடும்பத்தின் நிம்மதி கெடாது. ரத்ததானம், உறுப்பு தானம் கூடாது என்பதையும் சேர்க்க வேண்டும்.

வேறு ஆஸ்பத்திரியில் ரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்தால், சிகிச்சை வைரஸ் ஒட்டிய இடம்தான் காரணமா என்று பார்க்க, கீமோ தொடங்கும் முன்பே ரத்தமும் மஜ்ஜையும் ஊதா மூடி இ.டி.டி.ஏ. குழாயில் எடுத்து மையத்துக்கு அனுப்ப வேண்டும். பச்சை மூடிக் குழாயில் எடுத்தால் அதிலுள்ள ஹெபாரின் பி.சி.ஆரைக் கெடுத்துவிடும். கீமோ தொடங்கிய பிறகு அதே மாதிரியை மறுபடி எடுக்க முடியாது.

இப்படிக்கு,
ரத்தவியல் ஆய்வகப் பணியாளர், மதுரை