வெள்ளவத்தைத் தொடர்மாடி நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்: நுளம்புக்குப் புகை அடித்தால் மட்டும் போதுமா?

கொழும்பு வெள்ளவத்தை, பம்பலப்பிட்டித் தொடர்மாடிகளின் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மழை தொடங்கினால் நம்முடைய வட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான்: "புகை அடிச்சாச்சா?" அடித்த அன்று படம் வரும். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடு விழும். சரி, டெங்கு விஷயம் முடிந்தது என்று எல்லாரும் பழையபடி லிப்ட் பழுதைப் பற்றிச் சண்டை பிடிக்கப் போய்விடுவார்கள். அந்தப் புகைக்குப் போகும் காசைப் பற்றியும், அதைவிட மலிவான ஒரு வேலையை யாரும் செய்யாமல் இருப்பதைப் பற்றியும்தான் இந்த மடல்.

புகை கொல்வது பறந்து திரியும் நுளம்பை மட்டும். தண்ணீருக்குள் நெளியும் குடம்பியை, அதாவது நுளம்புப் புழுவை, அது ஒன்றும் செய்யாது, முட்டையை அறவே செய்யாது. டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு, பாத்திரத்தின் உட்சுவரில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டைகளை ஒட்டிவிட்டுப் போகிறது. தண்ணீர் வற்றினாலும் அவை மாதக்கணக்கில் காய்ந்தபடியே கிடக்கும். அடுத்த மழைக்குத் தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். நம் ஊர் வெக்கையில் ஏழு முதல் பத்து நாளில் நுளம்பாகிவிடும். ஆகவே புகை அடித்த அடுத்த வாரமே புதுக் கூட்டம் தயார். வாளித் தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றுவதோடு நிற்காமல் உட்புறத்தைப் பிரஷ் போட்டுத் தேய்க்கச் சொல்வதும் இதனால்தான்.

கால்வாயின் நாற்றத்தைக் காட்டி மாநகர சபையைத் திட்டுவது நமக்குப் பழகிவிட்டது. திட்டுவதற்கு வேறு காரணங்கள் தாராளமாக உண்டு, அதை நான் தடுக்கவில்லை. ஆனால் ஈடிஸுக்கு அந்தச் சாக்கடைத் தண்ணீர் ஒத்துவராது. அங்கே பெருகுவது பெரும்பாலும் கியூலெக்ஸ். இரவில் காதருகே ரீங்காரமிடுவது, ஒரு காலத்தில் யானைக்கால் நோயைப் பரப்பியது, அந்த இனம். ஈடிஸ் தேடுவது நிழலில் அசையாமல் நிற்கும் தெளிந்த தண்ணீரை. பிறந்த இடத்திலிருந்து அது ஒன்றிரண்டு நூறு மீற்றருக்கு அப்பால் போவது குறைவு. கடிப்பதும் பகலில், அதிலும் காலையிலும் பின்னேரத்திலும், பிள்ளைகள் ரியூசன் வகுப்பில் மேசைக்கடியில் கால் நீட்டி இருக்கும் நேரத்தில். உங்கள் கட்டடத்தில் இரண்டு வீட்டுக்கு டெங்கு வந்தால், அந்த நுளம்பு உங்கள் கட்டடத்திலோ பக்கத்துக் கட்டடத்திலோ பிறந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

எங்கள் தொடர்மாடியின் மொட்டைமாடிக் கதவு எப்போதும் பூட்டியே இருக்கும். தண்ணீர்த் தாங்கியைத் திருத்த ஆள் வந்த ஒரு நாள் பின்னாலேயே ஏறிப் பார்த்தேன். தாங்கியின் மூடி ஒரு பக்கம் உடைந்திருந்தது. பழைய வாஷ்பேசின் ஒன்று மல்லாந்து கிடந்தது. அன்ரனா நட்டிருந்த குழாயின் வாய் திறந்தபடி, விளிம்புவரை மழைத்தண்ணீர். கட்டிமுடித்து எத்தனையோ வருடமான கட்டடத்தில், மேஸ்திரி விட்டுப்போன சீமெந்துக் கற்கள் இன்னமும் அடுக்கியபடி. ஒவ்வொரு கல்லின் குழியிலும் ஒரு கைப்பிடி தண்ணீர். மழைநீர்ப் பீலியில் இலை அடைத்து ஒரு முழ நீளத்துக்குத் தேங்கியிருந்தது. குனிந்து பார்த்தேன். என் நிழல் விழுந்ததுதான் தாமதம், மேலே தொங்கிக்கொண்டிருந்த குடம்பிகள் எல்லாம் நெளிந்து நெளிந்து அடிக்கு இறங்கின. கீழே வாகனத் தரிப்பிடத்தில் மாதாமாதம் புகை அடிப்பது, மேலே இவை இருக்கும்போதுதான்.

வீடுகளுக்குள்ளும் இதே கதை. ஏசிக் குழாய்க்குக் கீழே வைத்த போத்தல், பிரிட்ஜின் பின்பக்கத் தட்டு, மணி பிளான்ட் வளர்க்கும் கண்ணாடிச் சாடி, வாசலில் பூ மிதக்கும் உருளி. ஏன், சாமி அறையில் தண்ணீர் மாற்றாத செம்பும்தான். இதெல்லாம் அந்தந்த வீட்டார் பார்க்க வேண்டியது. உங்களால் மட்டுமே செய்யக்கூடியது வேறொன்று இருக்கிறது: பூட்டிய வீடுகள்.

நம் பக்கத்துத் தொடர்மாடிகளில் எத்தனை வீட்டுக்காரர் லண்டனிலும் டொரன்டோவிலும் இருக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். வருடத்தில் ஒரு திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ வந்து, திரும்பவும் பூட்டிவிட்டுப் போவார்கள். உள்ளே கழிவறைக் கிண்ணத்தில் தண்ணீர், மேலே தொட்டியில் தண்ணீர், பல்கனியில் பூச்சாடித் தட்டுகள். பாவிக்காத கழிவறையைப்போல் ஈடிஸுக்குப் பிடித்த இடம் குறைவு: நிழல், அமைதி, தெளிந்த நீர், தொந்தரவு செய்ய ஒருவருமில்லை. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தாலும் பூட்டைப் பார்த்துவிட்டு அடுத்த கதவைத் தட்டுவார். ஊருக்குப் போகுமுன் தொட்டித் தண்ணீரை வடித்து, வால்வைப் பூட்டி, கிண்ணத்தின் மூடியை மூடி மேலே பொலித்தீன் போட்டு இறுக்கி ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. அதையும் செய்யாதவர்கள் ஒரு சாவியையாவது இங்குள்ள உறவினர் யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போகட்டும். பராமரிப்புப் பணம் கேட்டு அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்ப முடிகிறது அல்லவா, அதிலேயே இதையும் இரண்டு வரி எழுதலாம்.

2016 இல் இலங்கையில் மலேரியா ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இதையும் அரசாங்கமே பார்த்துக்கொள்ளும் என்று பலர் சொல்வது அந்த நம்பிக்கையில்தான். மலேரியாக் கிருமியைக் கொல்ல மருந்து இருந்தது. டெங்கு வைரஸைக் கொல்ல இன்றுவரை மருந்தில்லை. சான்றிதழ் கிடைத்த அடுத்த வருடமே, 2017 இல், நாட்டில் 186,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு. இறந்தவர்கள் 400க்கும் மேல். கொழும்பு மாவட்டம்தான் முதலிடம். "எனக்கு ஒருக்கா வந்திட்டுது, இனி வராது" என்பவர்களுக்கும் ஒரு சொல்: வைரஸில் நான்கு வகை உண்டு. ஒன்று வந்துபோனபின் வேறொரு வகை தொற்றினால் நோய் கடுமையாகும் ஆபத்துக் கூடுதல்.

காய்ச்சல் வந்த வீட்டார் அதை மறைப்பதும் நடக்கிறது. வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. நோயாளியைக் கடித்த நுளம்பு எட்டு முதல் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் அடுத்தவருக்குப் பரப்பத் தொடங்கும். உடனே தெரிந்தால் அந்த இடைவெளிக்குள் கட்டடத்தைத் துப்புரவாக்கிவிடலாம். நோயாளி பகலிலும் நுளம்புவலைக்குள் இருக்கட்டும்.

இதை மட்டும் லிப்டில் ஒட்டிவிடுங்கள்: காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும், அதுவும் அளவோடு. அஸ்பிரின், இபுபுரோபன், டைக்லோபினாக் வேண்டாம், இரத்தக்கசிவைக் கூட்டும். மூன்றாம் நாள் எஃப்.பி.சி. (இரத்த அணுக்களை எண்ணும்) இரத்தப் பரிசோதனை. காய்ச்சல் விட்டதும் நிம்மதியாகிவிடாதீர்கள். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து உடல் தளர்ந்துபோகும் ஆபத்துக் கட்டம் அப்போதுதான் தொடங்கும். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, பல் முரசில் இரத்தம், சிறுநீர் குறைதல், சோர்ந்து மயங்குதல், இதில் எது கண்டாலும் நேரே ஆஸ்பத்திரி. பப்பாசி இலைச் சாற்றை நம்பி வீட்டில் காத்திருக்க வேண்டாம்.

2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி, இடத்துக்குப் பொறுப்பானவர்மீது வழக்குப் போடலாம். மொட்டைமாடிக்கும் லிப்ட் குழிக்கும் பொறுப்பு யார் என்று பி.எச்.ஐ. கேட்டால் கை நீளப்போவது உங்கள் பக்கம்தான். காவலாளிக்கு வாரம் ஒரு மணித்தியாலம் மேலதிகச் சம்பளம் கொடுத்து மொட்டைமாடி, பீலி, லிப்ட் குழி, தரிப்பிடம் எல்லாவற்றையும் சுற்றிப் பார்க்கச் செய்யுங்கள். புகைக்குப் போகும் காசோடு பார்த்தால் அந்தச் செலவு ஒரு மூலைக்கும் வராது.

தென்மேற்குப் பருவமழை மே மாதம் தொடங்கும், கொழும்பில் ஜூன், ஜூலையில் நோய் உச்சத்துக்குப் போகும். ஆகவே ஏப்ரல் கூட்டத்திலேயே இதை எடுங்கள். எங்கள் கட்டடத்தில் முதல் சுற்றுக்கு நானும் மேலே வருகிறேன். குழுவில் ஒருவர் கூட வந்தால் நல்லது, தாங்கிக்கு ஏற ஏணி பிடிக்க ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
காலி வீதிக்குக் கடற்பக்கம் குடியிருக்கும் ஒருவர்