பெயர்ப் பொருத்தம் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு,

2028 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு ஜனநாயகக் கட்சியின் முற்போக்கு வாக்காளர்கள் இப்போதே அதிபர் - துணை அதிபர் வேட்பாளர் ஜோடி சேர்க்கிறார்கள். கொள்கைப் பொருத்தம் பார்ப்பவர்கள் மாநிலப் பொருத்தத்தை மறந்துவிடுகிறார்கள்.

அதிபர் வேட்பாளராக கவின் நியூசம், துணை அதிபர் வேட்பாளராக ரோ கன்னா என்ற ஜோடியையே எடுத்துக்கொள்வோம். இருவரும் கலிபோர்னியா. அரசியலமைப்பின் 12-வது திருத்தப்படி, ஒரு மாநிலத் தேர்வாளர்கள் (மக்கள் வாக்குக்குப் பின் அதிபரை முறைப்படி தேர்ந்தெடுப்பவர்கள்) அதிபர், துணை அதிபர் இரண்டு பதவிக்கும் தங்கள் மாநிலத்தவருக்கே வாக்களிக்க முடியாது. நெருக்கமான போட்டியில் கன்னாவுக்கு கலிபோர்னியாவின் 54 தேர்வாளர் வாக்குகள் கிடைக்காமல் போனால், துணை அதிபரை செனட் தேர்ந்தெடுக்க நேரிடும். 2000-ல் டெக்சாஸில் வசித்த டிக் செனி, அதே மாநிலத்தவரான ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷுடன் துணை அதிபர் வேட்பாளராக நிற்பதற்காகவே வாக்காளர் பதிவை வயோமிங்குக்கு மாற்றிக்கொண்டார். அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் நியூயார்க்காரர் என்பதால் கன்னாவுடன் அவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. பதவிக்குத் தேவையான 35 வயதும் நிரம்பிவிட்டது.

செனட்டரை நிறுத்தினால் காலியாகும் இடத்தையும் பார்க்க வேண்டும். அரிசோனாவில் ஆளுநர் அதே கட்சிக்காரரைத்தான் நியமிக்க முடியும். பல மாநிலங்களில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. 2021-ல் செனட் இரு தரப்புக்கும் 50-50 என நின்று, ஒவ்வொரு இடமும் முக்கியமானதை இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டார்களா?

துணை வேட்பாளர் சொந்த மாநிலத்தை வென்று தருவார் என்பதும் பெரும்பாலும் ஆசைதான். 2024-ல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் கமலா ஹாரிஸ் பெற்றது 226 தேர்வாளர் வாக்குகள். பென்சில்வேனியா 19, மிச்சிகன் 15, விஸ்கான்சின் 10 சேர்ந்திருந்தால், வெற்றிக்குத் தேவையான 270 சரியாக வந்திருக்கும். அப்போது பென்சில்வேனியா ஆளுநராக இருந்த ஜோஷ் ஷபிரோவைத் துணை வேட்பாளராக எடுத்திருந்தால் பென்சில்வேனியா கிடைத்திருக்கும் என்றே வைத்துக்கொண்டாலும், கணக்கு 245-லேயே நின்றிருக்கும்.

- ஒரு வாசகர்