கோடையில் கண்ணாடிக் கிண்ணத்தில் தங்கமீன் விற்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் தக்கலையில் தையல் கடை வைத்திருக்கிறேன். பள்ளிச் சீருடைக்கு அளவு கொடுக்க மே மாதத்தில் அம்மாவோடு வரும் பிள்ளைகளுக்குப் பொழுது போகட்டும் என்று கடை முகப்பில் இரண்டடி மீன் தொட்டி வைத்தேன். அதைப் பார்த்து ஆசைப்பட்டு, உருண்டைக் கிண்ணத்தில் தங்கமீன் வாங்கிப்போன பிள்ளைகள் சட்டை வாங்க வரும்போது, மீன் செத்துப்போனதைச் சொல்லி அழுகிறார்கள். இந்த ஆண்டு மூன்று பேர். மனம் கேட்காமல் எழுதுகிறேன்.

தங்கமீன் குளிர்ந்த நீரில் வாழும் மீன். 18 முதல் 24 டிகிரி வரை இருந்தால் அதற்குச் சுகம். சித்திரை வெயிலில் என் கடைத் தொட்டியிலேயே வெப்பமானி 32 டிகிரி காட்டியது. இரண்டு லிட்டர் கிண்ணம் இன்னும் சீக்கிரம் சூடேறும். தண்ணீர் சூடேற ஏற அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறது. 20 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும் தண்ணீர், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான் தாங்கும். மீனுக்கோ அந்தச் சூட்டில்தான் ஆக்சிஜன் அதிகம் தேவை. கிண்ணத்தைக் கழுத்துவரை நிரப்பிவிட்டால் காற்றுப் படும் பரப்பும் சுருங்கிப்போகிறது. மேலே வந்து வாயைத் திறந்து மூடும் மீனைப் பார்த்து, பசிக்கிறது போலும் என்று பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் இரை போடுகிறார்கள். அது மூச்சுக்குத் தவிக்கிறது. தின்னாத இரை அழுகி அம்மோனியா உண்டாகிறது. சூட்டில் அதன் நஞ்சும் கூடுகிறது.

சென்ற ஆண்டு நானும் தவறு செய்தேன். பதறிப்போய்த் தொட்டியில் ஐஸ் கட்டிகளைக் கொட்டினேன். சூடு சட்டென்று இறங்கிய அதிர்ச்சியை மீன்கள் தாங்கவில்லை. மறுநாள் காலையில் நான்கு மிதந்தன. இன்னொரு நாள் நடுப்பகலில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். கை வைத்துப் பார்த்த பிறகுதான் குழாயை மூடினேன், அவ்வளவு சூடு.

இப்போது கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு, மீன் துள்ளி விழாமலிருக்கக் கொசுவலை கட்டியிருக்கிறேன். சிறிய மேசை விசிறி ஒன்று நீரின் மேற்பரப்பில் காற்று வீசுகிறது. தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் பெரிதாக இறங்காது. ஆனாலும் 32 டிகிரி 30 ஆகிவிடுகிறது. குறைகிற தண்ணீருக்குக் கிணற்றுத் தண்ணீர் விடுகிறேன். அதில் குளோரின் இல்லை, குளிர்ச்சியும் உண்டு. ஆனால் ஆக்சிஜன் குறைவாக இருக்கும். அதனால் மாலையில் இறைத்து, வாளியில் ஏர் மோட்டாரை இரவு முழுவதும் ஓடவிட்டு, காலையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுகிறேன். இரையையும் ஒரு வேளையாகக் குறைத்துவிட்டேன்.

வண்ணமீன் கடைக்காரர்களை நான் வேண்டிக் கேட்பது ஒன்றுதான்: மார்ச் முதல் மே வரை கிண்ணத்தோடு தங்கமீனை விற்காதீர்கள். கேட்டு வரும் பிள்ளைக்கு வாய் அகன்ற தொட்டியையும், தங்கமீனைவிடச் சூட்டைத் தாங்கும் கப்பி மீனையும் காட்டுங்கள். விலை சற்றுக் கூடினாலும் மீன் பிழைக்கும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். பராமரிப்புப் பணிக்கான மின்தடை அறிவிப்பை நீங்கள் வெளியிடுகிறீர்கள். கோடையில் அதன் கீழே இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள்: மின்சாரம் இல்லாத நேரத்தில் ஒரு குவளையால் தொட்டித் தண்ணீரை மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து அதிலேயே ஊற்ற வேண்டும், கால் மணிக்கு ஒருமுறை பத்துப் பதினைந்து தடவை ஊற்றினால் போதும். சென்ற வாரம் இடியும் மழையுமாக மூன்று மணி நேரம் மின்சாரம் போனபோது, அளவு கொடுக்க வந்திருந்த ஒரு சிறுமிதான் அந்தக் குவளையை என்னிடமிருந்து வாங்கி ஊற்றினாள்.

இப்படிக்கு,
தையல் கடை நடத்தும் ஒரு வாசகி,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.