காலிமுகத்திடல் நடைபாதை: உறுப்பினர்களின் கவனத்திற்கு

அன்பான உறுப்பினர்களே,

காலிமுகத்திடலின் கடலோர நடைபாதையை வணிகத் தேவைகளுக்கு விட்டுக்கொடுக்கும் யோசனை எந்த வடிவில் எழுந்தாலும் அதனை எதிர்ப்பதென்ற நமது நிலைப்பாட்டில் மாற்றமில்லை. ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856 இல் தொடங்கி 1859 இல் நிறைவுசெய்த இந்நடைபாதை, கொழும்பின் பெண்கள், சிறுவர்களின் நலனுக்காக அவருக்குப் பின் வருவோரிடம் பரிந்துரைக்கப்படுகிறது என்று அங்குள்ள நினைவுக்கல்லே கூறுகிறது. அந்தப் பொறுப்பு இன்றைய ஆட்சியாளருக்கும் உரியது. அருகே துறைமுக நகரத்துக்காக 269 ஹெக்டேயர் கடல் நிரப்பப்பட்டு, எதிரே உயர்மாடி விடுதிகளும் எழுந்துவிட்ட பின்னர், காசு கொடுக்காமல் காற்று வாங்கவும் பிள்ளைகளோடு பட்டம் விடவும் பலருக்கு எஞ்சியிருப்பது இந்தத் திடல்தான். இறால் வடை விற்கும் வண்டிக்காரர்களுக்கு நாம் எதிரானவர்கள் அல்லர். வேலி, நுழைவுக் கட்டணம், நிரந்தரக் கட்டடங்கள் ஆகியவற்றையே எதிர்க்கிறோம். உங்கள் ஆட்சேபனைக் கடிதங்களை, ஒரே வாசகத்தைப் பிரதிசெய்யாமல், அவரவர் சொந்தச் சொற்களில் எழுதி, இவ்வார இறுதிக்குள் இக்குழுவில் பதிவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.